சருகு விழுந்த இடம்: உரமா, மாசா?

மாணவர்களே, உங்கள் பள்ளித் திடலில் கெத்தாப்பாங் மரமோ அங்சானா மரமோ இருந்தால் இது உங்களுக்குப் பழகிய காட்சிதான். காலையில் பெருக்கிய இடத்தில் மாலைக்குள் மறுபடியும் இலைகள் விழுந்து கிடக்கும். நம் ஊரில் இந்த வேலை ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது.

நான்கு பருவங்கள் உள்ள நாடுகளில் நிலைமை வேறு. அங்கே மேப்பிள், ஓக் போன்ற மரங்கள் தங்கள் இலைகள் அனைத்தையும் சில வாரங்களுக்குள் கொட்டிவிடும். வீட்டின் முன் இருக்கும் புல்தரை, கால் புதையும் அளவுக்குச் சருகால் மூடிவிடும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அமெரிக்கா, கனடா நாட்டு மக்கள் வாரியும் கையுமாக வீட்டு வாசலில் நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

இத்தனை சருகையும் என்ன செய்வது? வாரிச் சாலை ஓரத்தில் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மேடிசன் நகரில் அறிவியலாளர்கள் மழைநீரை அளந்து பார்த்தபோது, வீட்டு வாசலில் விழும் சருகுக்கும் ஏரியில் படரும் பாசிக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது தெரிய வந்தது. அதே சருகு புல்தரையில் சரியான முறையில் கிடந்தால் உரமாகிறது.

ஒரே இலை ஓரிடத்தில் உரம், இன்னோரிடத்தில் மாசு. இது எப்படி? இந்த வாரப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

மரம் ஏன் இலையை உதிர்க்கிறது?

குளிர்காலத்தில் மண்ணில் உள்ள நீர் உறைந்துவிடும். வேரால் அதை உறிஞ்ச முடியாது. ஆனால் அகன்ற, மெல்லிய இலைகள் நீராவிப்போக்கின் வழியாக நீரை இழந்துகொண்டே இருக்கும். பகல் பொழுதும் குறுகிவிடுவதால் ஒளிச்சேர்க்கையும் குறையும். இலையால் மரத்திற்கு வரும் வரவைவிட, அதைக் காப்பாற்ற ஆகும் செலவு கூடிவிடும். எனவே இலையை விட்டுவிடுவதே மரத்திற்கு லாபம்.

விட்டுவிடுவதற்கு முன் மரம் ஒரு முக்கியமான வேலையைச் செய்கிறது. வீடு மாறிப் போகிறவர்கள் விலை உயர்ந்த பொருள்களை முதலில் எடுத்து வைப்பதுபோல, மரமும் இலையில் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய சத்துகளைத் திரும்ப உறிஞ்சி, கிளையிலும் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது. அப்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. பச்சை மறைந்ததும், அதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமி கண்ணுக்குத் தெரிகிறது. சில மரங்கள் அந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமியை அந்த நேரத்தில் புதிதாக உண்டாக்குகின்றன. இலையுதிர் காலத்தின் வண்ணங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

அடுத்து, இலைக்காம்பும் கிளையும் சேரும் இடத்தில் பிரிபடலம் என்னும் மெல்லிய உயிரணு அடுக்கு செயல்படத் தொடங்குகிறது. இலையிலிருந்து வரும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி குறைகிறது. எத்திலீன் வாயுவின் தூண்டுதல் மேலோங்குகிறது. வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன்தான் இது. பிரிபடலத்தின் உயிரணுச் சுவர்கள் நொதிகளால் தளர்கின்றன. கிளைப் பக்கம் தக்கை போன்ற அடுக்கு உருவாகிக் காயத்தை மூடிவிடுகிறது. பிறகு ஒரு சிறு காற்று போதும், இலை விழுந்துவிடும்.

இங்கே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தால் எல்லாச் சத்தையும் திரும்ப எடுக்க முடிவதில்லை. நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் ஏறத்தாழப் பாதியைத்தான் பொதுவாக மீட்கிறது. மீதி, விழுந்த இலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த மீதிச் சத்து எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் இந்தப் பாடத்தின் மையக் கேள்வி.

தெரியுமா?
நம் நாட்டு ரப்பர் மரமும் ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக இலை உதிர்க்கும். மலேசியாவில் பெரும்பாலும் ஆண்டின் தொடக்க மாதங்களில், வறண்ட காலத்தில் இது நடக்கிறது. அதைத் தூண்டுவது குளிர் அன்று, வறட்சி. ஆனால் பிரிபடலம் செயல்படும் முறை ஒன்றுதான். அந்த நேரத்தில் மரத்தில் பால் குறைந்துவிடும். உங்கள் தாத்தா, பாட்டி தோட்டப்புறத்தில் பால்மரம் சீவியவர்கள் என்றால் கேட்டுப் பாருங்கள். அந்த வாரங்களில் தோட்டம் எப்படி இருந்தது, வருமானம் எப்படி இருந்தது என்று அவர்கள் சொல்வார்கள்.

முழு இலை புல்லைக் கெடுப்பது எப்படி?

குளிர் நாடுகளின் வீட்டுப் புல்தரைகளில் கென்டக்கி நீலப்புல் போன்ற வகைகள் வளர்கின்றன. இவை நம் ஊர் மாட்டுப்புல்லைப்போல் வெப்பத்தை விரும்புபவை அல்ல. மிதமான குளிரில்தான் நன்றாக வளரும். மரங்கள் மொட்டையானதும் வெயில் நேராகத் தரைக்கு வருகிறது. புல் அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்திச் சர்க்கரையைத் தயாரித்து, வேரிலும் அடித்தண்டிலும் சேமிக்கிறது. வரப்போகும் பனிக்காலத்தைத் தாண்டுவதற்கு அந்தச் சேமிப்புதான் கைகொடுக்கும்.

சரியாக அந்த நேரத்தில் இலைகள் மேலே விழுந்து மூடினால் என்ன ஆகும்?

முதலில், வெளிச்சம் கிடைக்காது. சேமிப்பு நின்றுபோகும். இரண்டாவதாக, மழையில் நனைந்த இலைகள் ஈரச் செய்தித்தாள்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடியில் காற்றோட்டம் இருக்காது. மூன்றாவதாக, அதன்மேல் பனி விழுந்து மாதக்கணக்கில் கிடக்கும். அந்தக் குளிர்ந்த ஈரத்தில் வளரும் ஒரு வகைப் பூஞ்சை புல்லைத் தாக்கும். அதனைப் பனிப்பூஞ்சை நோய் என்பார்கள். வசந்த காலத்தில் பனி உருகியதும் புல்தரையில் வட்ட வட்டமாக வெளிறிய திட்டுகள் தெரியும்.

ஆக, முழு இலைகளைத் தடிமனாக அப்படியே விடுவது புல்லுக்கு ஆகாது. அதற்காக வாரி எடுத்துத்தான் ஆக வேண்டுமா? அவசியமில்லை. வேறு வழி இருக்கிறது.

நறுக்கினால் என்ன மாறுகிறது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 10 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சதுர இலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பின் மொத்த நீளம் 40 சென்டிமீட்டர். அதை 1 சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்கினால் 100 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டின் விளிம்பும் 4 சென்டிமீட்டர். ஆக மொத்தம் 400 சென்டிமீட்டர்.

இலையின் பரப்பு மாறவில்லை. விளிம்பு மட்டும் 10 மடங்காகிவிட்டது. அதனால் என்ன பயன்? இலையின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் மெழுகு போன்ற மேலுறை மூடியிருக்கிறது. நீரையும் கிருமிகளையும் தடுப்பதே அதன் வேலை. வெட்டுப்பட்ட விளிம்பிலோ அந்த மேலுறை இல்லை. பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அங்கே எளிதாக நுழையும். விளிம்பு கூடக் கூட, மக்கும் வேகமும் கூடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. சிறு துண்டுகள் புல்லிதழ்களுக்கு இடையில் நழுவி மண்ணில் விழும். புல்லின் நுனிகள் வெளியே தெரிவதால் வெளிச்சம் தடைபடாது.

இந்த வேலைக்குத் தனிக் கருவி ஒன்றும் வேண்டாம். வழக்கமாகப் புல் வெட்டும் இயந்திரத்தைச் சருகின்மேல் ஓரிரு முறை ஓட்டினால் போதும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் புல்தரை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நறுக்கிய இலைகளைப் புல்தரையிலேயே விட்டதால் புல் கெடவில்லை. நறுக்கிய மேப்பிள் இலைகளை இட்ட இடங்களில், அடுத்த ஆண்டு டேன்டலையன் என்னும் களைச்செடி குறைந்திருந்ததையும் கண்டார்கள். களை விதை முளைப்பதற்குத் தேவையான வெற்று மண்ணைத் துண்டுகள் மூடிவிடுவது அதற்கு ஒரு காரணம்.

இதற்குச் சில விதிகள் உண்டு. இலை காய்ந்திருக்க வேண்டும். ஈரமான இலை இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும். எல்லா இலையும் விழட்டும் என்று காத்திராமல், வாரம் ஒரு முறை செய்ய வேண்டும். நறுக்கிய பிறகு மேலிருந்து பார்த்தால் புல் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சருகு அதிகம் என்று பொருள். மிகுதியை அள்ளித்தான் ஆக வேண்டும்.

நுண்ணுயிர்களின் சாப்பாட்டுக் கணக்கு

நறுக்கிய இலை மண்ணில் விழுந்ததும் விருந்து தொடங்குகிறது. ஆனால் சருகு மட்டும் தின்றால் நுண்ணுயிர்களுக்குச் சத்து சரியாக அமையாது. அவற்றுக்குக் கார்பனும் வேண்டும், நைட்ரஜனும் வேண்டும். கார்பன் ஆற்றலுக்கு. நைட்ரஜன் புரதத்திற்கு.

நன்றாக மக்குவதற்கு 25 முதல் 30 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் இருப்பது நல்லது. காய்ந்த சருகில் கார்பன் மிக அதிகம். மரத்தைப் பொறுத்து 1 பங்கு நைட்ரஜனுக்கு 40 முதல் 80 பங்கு வரை கார்பன் இருக்கும். பச்சைப் புல் துணுக்குகளில் நைட்ரஜன் அதிகம். அங்கே 1 பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 20 பங்கு கார்பன்தான்.

இரண்டையும் கலந்தால்? எடுத்துக்காட்டாக, 60 கிராம் கார்பனும் 1 கிராம் நைட்ரஜனும் உள்ள சருகை எடுத்துக்கொள்வோம். 60 கிராம் கார்பனும் 3 கிராம் நைட்ரஜனும் உள்ள புல்லை அதோடு சேர்ப்போம். மொத்தம் 120 கிராம் கார்பன், 4 கிராம் நைட்ரஜன். விகிதம் 30:1. நமக்கு வேண்டியதும் அதுதான்.

புல்லையும் சருகையும் ஒரே நேரத்தில் வெட்டும்போது இந்தக் கலவை தானாகவே ஓரளவு அமைந்துவிடுகிறது. வெறும் சருகை மட்டும் மண்ணில் கொட்டினால், நுண்ணுயிர்கள் பற்றாக்குறை நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். செடிக்குச் சில காலம் பசி ஏற்படும். இலை மக்கி முடிந்த பிறகு அந்த நைட்ரஜன் மண்ணுக்குத் திரும்பும்.

எல்லா இலையும் ஒரே வேகத்தில் மக்குவதில்லை. ஓக் இலையில் லிக்னின், டானின் ஆகிய கடினப் பொருள்கள் அதிகம். அது மெதுவாக மக்கும். மேப்பிள் இலை விரைவில் மக்கும். ஓக் இலை மண்ணை அமிலமாக்கிவிடும் என்று அங்கே பலர் நம்புகிறார்கள். புதிதாக விழுந்த இலையில் சிறிது அமிலத் தன்மை உண்டு என்பது உண்மையே. ஆனால் மக்கும்போது அது குறைந்துவிடுகிறது. மண்ணின் தன்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படுவதில்லை.

நுண்ணுயிர்களோடு மண்புழுவும் விருந்துக்கு வரும். மண்புழு இலைகளைத் தன் வளைக்குள் இழுத்துச் செல்வதைச் சார்ல்ஸ் டார்வின் பல ஆண்டுகள் கவனித்து, 1881-ஆம் ஆண்டில் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். தோட்டத்தில் மண்புழு நண்பன்தான். ஆனால் விஸ்கான்சின் போன்ற வட மாநிலங்களின் காடுகளில் கதை மாறுகிறது. பனியுகத்தில் அங்கே பனிப்பாறைகள் மூடியிருந்ததால் மண்புழுக்கள் இல்லாமலே அந்தக் காடுகள் வளர்ந்தன. பிற்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த மண்புழுக்கள் காட்டுத் தரையின் சருகு மெத்தையை வேகமாகத் தின்றுவிடுவதால், அதில் வளரும் காட்டுப் பூச்செடிகளும் பெரணிகளும் பாதிக்கப்படுகின்றன. புல்தரையில் சருகு கூடினால் தொல்லை, காட்டில் சருகு குறைந்தால் தொல்லை!

தெருவில் விழுந்த இலை

இனி மேடிசன் நகருக்குப் போவோம். மெண்டோட்டா, மொனோனா என்னும் இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய நிலப்பகுதியில் அந்த நகரத்தின் மையம் அமைந்திருக்கிறது. மெண்டோட்டா, உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட ஏரிகளில் ஒன்று. கோடையில் அந்த ஏரிகளில் பாசி படரும். நீர் பச்சைக் குழம்புபோல் மாறும். நச்சுத்தன்மை உள்ள நீலப்பச்சைப் பாசி பெருகினால் குளிப்பதற்கும் நீந்துவதற்கும் கரைகளை மூட வேண்டியிருக்கும். பாசி இறந்து மக்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்களும் சாகலாம்.

பாசிக்குத் தீனி பாஸ்பரஸ். நம் விவசாயிகள் மணிச்சத்து என்று சொல்வது இதைத்தான். 1 கிலோகிராம் பாஸ்பரஸ் 500 கிலோகிராம் வரை ஈரப்பாசியை வளர்க்கக்கூடும் என்பது ஏரி ஆய்வாளர்களின் கணக்கு. எனவே வீட்டுப் புல்தரைக்குப் பாஸ்பரஸ் உரம் இடுவதை விஸ்கான்சின் மாநிலம் 2010-இல் சட்டத்தால் கட்டுப்படுத்தியது.

உரத்தைக் கட்டுப்படுத்தலாம். இலை விழுவதைக் கட்டுப்படுத்த முடியுமா?

இலைக்குள் தங்கிவிட்ட மீதிச் சத்தை நினைத்துப் பாருங்கள். சாலையில் விழுந்த இலைமேல் கார்கள் ஏறி அதைத் தூளாக்குகின்றன. மழை பெய்கிறது. தேயிலைப் பையைச் சுடுநீரில் போட்டால் சாறு இறங்குவதுபோல, நனைந்த இலையிலிருந்து பாஸ்பரஸ் நீரில் கரைந்து இறங்குகிறது. அந்த நீர் சாலையோர வடிகாலுக்குள் போகிறது. கழிவுநீர்க் குழாய் சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்லும். மழைநீர் வடிகாலோ பெரும்பாலும் நேராக ஏரிக்குச் செல்லும். புல்தரையில் விழுந்த இலையின் சாறு மண்ணுக்குள் இறங்கி வேரால் உறிஞ்சப்படும். தாரில் விழுந்த இலைக்கு அந்த வாய்ப்பே இல்லை.

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இதை மேடிசனில் அளந்து பார்த்தது. ஒன்றுக்கொன்று ஒப்பான குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் இலையுதிர் காலத்தில் சாலையின் சருகை அடிக்கடி முழுமையாக அகற்றினார்கள். இன்னொன்றை அப்படியே விட்டார்கள். இரண்டிலிருந்தும் வெளியேறும் மழைநீரைச் சோதித்தார்கள். 2016-இல் வெளியான முடிவுகள் இவை:

• சருகை அகற்றிய பகுதியில், இலையுதிர் காலத்தில் மழைநீரோடு சென்ற மொத்தப் பாஸ்பரஸ் 84 விழுக்காடு குறைந்தது.
• நீரில் கரைந்த பாஸ்பரஸ் 83 விழுக்காடு குறைந்தது.
• சருகை அகற்றாத பகுதியில், ஓர் ஆண்டில் வெளியேறும் பாஸ்பரஸில் 56 விழுக்காடு இலையுதிர் காலத்தில் மட்டுமே வெளியேறியது. அகற்றிய பகுதியில் அது 16 விழுக்காடு.

இந்த ஆய்வின் அமைப்பைக் கவனியுங்கள். சருகை அகற்றிய பகுதியை மட்டும் அளந்திருந்தால், பாஸ்பரஸ் குறைந்ததற்குச் சருகு காரணமா, அந்த ஆண்டு மழை குறைந்தது காரணமா என்று சொல்ல முடியாது. பக்கத்திலேயே ஒப்பீட்டுப் பகுதி ஒன்று இருந்ததால்தான் காரணத்தைப் பிரித்து அறிய முடிந்தது. நீங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கட்டுப்பாட்டு அமைப்பு என்று படிப்பது இதைத்தான்.

ஏரி 226

பாசிக்குக் காரணம் பாஸ்பரஸ்தான் என்பது எப்படித் தெரிந்தது? கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றில் ஒன்றுக்கு எண் 226. 1973-ஆம் ஆண்டு டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிவியலாளரின் குழு, அந்த ஏரியின் ஒடுங்கிய இடுப்புப் பகுதியில் ஒரு திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறு பாதியில் கார்பன், நைட்ரஜனோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். சில வாரங்களில், பாஸ்பரஸ் சேர்த்த பாதி பச்சையாக மாறியது. மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்த நிழற்படம் ஏரி அறிவியலில் இன்றும் புகழ்பெற்றது. சலவைத் தூள்களில் பாஸ்பேட்டைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்திற்கு அந்தப் படம் வலுச் சேர்த்தது.

அப்படியானால் சருகை என்ன செய்யலாம்?

மரங்களை வெட்டிவிடலாமே என்று யாராவது கேட்கலாம். அது தீர்வாகாது. மரம் நிழல் தருகிறது, மழையின் வேகத்தைத் தாங்குகிறது, வெள்ளத்தைக் குறைக்கிறது. சருகு சேரும் இடத்தை மாற்றினால் போதும். புல்தரை உள்ள வீட்டில் பின்வரும் வரிசையில் யோசிக்கலாம்.

1. முதலில் சாலையும் வடிகாலும். வீட்டின் முன் சாலையோரம் விழுந்த சருகை மழைக்கு முன் அகற்ற வேண்டும். மழைக்குப் பிறகு எடுத்தால் சாறு ஏற்கெனவே இறங்கிப் போயிருக்கும். மேடிசன் பகுதியில் மழை வரும் முன் மக்களுக்கு நினைவூட்டல் செய்தி அனுப்பும் ஏற்பாடே இருக்கிறது. அகற்றிய சருகை மறுபடியும் தாரில் குவிக்காமல், புல் உள்ள ஓரத்தில் வைக்க வேண்டும்.

2. புல்தரையில் மெல்லிய அடுக்கு. நறுக்கி அங்கேயே விடலாம்.

3. மிகுதிச் சருகு. மரத்தடியிலும் செடிப் பாத்திகளிலும் மூடாக்காகப் பரப்பலாம். அல்லது குவித்து, ஈரம் காயாமல் வைத்தால் ஓரிரு ஆண்டில் கறுப்பான இலைமக்கு கிடைக்கும். புல் துணுக்கோ சமையலறைக் காய்கறிக் கழிவோ கலந்து, அவ்வப்போது கிளறிவிட்டால் இன்னும் விரைவாக உரமாகும்.

4. ஒரு மூலையைத் தொடாமல் விடுங்கள். லூனா அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு, சருகைப் போர்த்திக்கொண்டு தரையில் குளிர்காலத்தைக் கழிக்கும். வேறு பல பூச்சிகளும் சருகு மெத்தைக்கு அடியில் தங்கும். எல்லாச் சருகையும் நறுக்கினால் அவையும் சேர்ந்து அழியும். அதனால் மரத்தடிச் சருகை முழுதாக விடுவதும், புல்தரைச் சருகை மட்டும் நறுக்குவதும் நல்லது.

5. எரிக்காதீர்கள். எரிந்தால் நைட்ரஜன் புகையோடு போய்விடும். நுரையீரலுக்குள் ஆழமாகப் போகக்கூடிய நுண்துகள்களும் காற்றில் கலக்கும்.

6. குப்பையோடு சேர்க்காதீர்கள். குப்பை மேட்டின் அடியில் ஆக்சிஜன் இல்லாமல் மக்கும் இலை, மீத்தேன் வாயுவை உண்டாக்கும். கரியமில வாயுவைவிட மீத்தேன் வெப்பத்தை மிக அதிகமாகப் பிடித்து வைக்கும். 2018-இல் அமெரிக்காவின் நகரக் கழிவில் 12 விழுக்காடு இலை, புல், கிளை போன்ற தோட்டக் கழிவுகள். அவ்வளவும் மண்ணுக்குத் திரும்ப வேண்டிய சத்து.

நம் ஊரில்

நமக்குப் பனி இல்லை, இலையுதிர் காலமும் இல்லை. ஆனால் இலையின் வேதியியல் எங்கும் ஒன்றுதான்.

சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே பெய்யும் மழைநீர் வடிகால்கள் வழியாக 17 நீர்த்தேக்கங்களுக்குச் செல்கிறது. புளோக்குக்குக் கீழே கானில் விழும் இலையும் அதே பாதையில்தான் போகும். மலேசியாவில் நம் வடிகால்கள் ஆறுகளுக்குப் போகின்றன. சருகு அடைத்த வடிகாலில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு அது தொட்டில். சுருண்ட சருகில் தேங்கும் சிறிதளவு நீர்கூட அதற்குப் போதும்.

சருகை எரிக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. மலேசியாவில் திறந்தவெளி எரிப்பு, 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றம். புகைமூட்டத்தால் பள்ளிகள் மூடப்பட்ட நாள்களை அனுபவித்த நமக்கு அதன் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நமக்கு ஒரு வசதியும் உண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் காலநிலையில் சருகு வேகமாக மக்கும். குளிர் நாட்டில் ஓரிரு ஆண்டு எடுப்பது, கிளறிப் பராமரித்தால் இங்கே சில மாதங்களில் முடிந்துவிடும். பள்ளித் தோட்டத்திற்கு இதைவிட மலிவான உரம் வேறில்லை.

செய்து பார்ப்போம்: இலையிலிருந்து சாறு இறங்குகிறதா?

தேவையானவை: ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிக் குவளைகள், காய்ந்த கெத்தாப்பாங் இலைகள், தராசு, கத்தரிக்கோல், தண்ணீர், மூடுவதற்குத் துணி.

1. இலைகளை 5 கிராம் வீதம் இரண்டு பங்காக எடையிடுங்கள்.
2. ஒரு பங்கை முழு இலையாகவே முதல் குவளையில் போடுங்கள். குவளைக்குள் நுழையும்படி சுருட்டலாம், கிழிக்கக் கூடாது.
3. இன்னொரு பங்கை 1 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி இரண்டாம் குவளையில் போடுங்கள். மூன்றாம் குவளையில் இலை வேண்டாம்.
4. மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். கொசு முட்டையிடாதபடி துணியால் மூடுங்கள்.
5. 1 மணி நேரம், 6 மணி நேரம், 24 மணி நேரம் கழித்து, வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்து நிறத்தை ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீர் பழுப்பாவதற்குக் காரணம் டானின். சண்டை மீன் வளர்ப்பவர்கள் தொட்டியில் கெத்தாப்பாங் இலை போடுவதும் இந்தச் சாற்றுக்காகத்தான். பாஸ்பரஸுக்கு நிறம் இல்லை. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் டானின் இறங்கும்போது அதுவும் சேர்ந்து இறங்குகிறது. நறுக்கிய இலை இருக்கும் குவளை விரைவாகக் கறுத்தால், கார்கள் நசுக்கிய இலை ஏன் ஏரிக்கு அதிகக் கேடு என்பது உங்களுக்கே விளங்கிவிடும். அதே வேகமான கசிவு மண்ணில் நடந்தால் புல்லுக்கு ஏன் நல்லது என்பதும் விளங்கும்.

சோதனை முடிந்ததும் அந்தத் தண்ணீரைக் கானில் கொட்டாதீர்கள். ஒரு செடியின் அடியில் ஊற்றுங்கள். இந்தப் பாடம் முழுவதும் அந்த ஒரு செயலில் அடங்கியிருக்கிறது.

சிந்திக்க

1. 20 சென்டிமீட்டர் சதுர இலையை 2 சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்கினால் விளிம்பு எத்தனை மடங்காகும்? 1 சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்கினால்?
2. மேடிசன் ஆய்வில் ஒப்பீட்டுப் பகுதி இல்லாமல் இருந்திருந்தால், முடிவை எந்தெந்தக் காரணங்களைக் காட்டி மறுக்கலாம்?
3. உங்கள் வீட்டின் முன் உள்ள வடிகால் எங்கே போய்ச் சேருகிறது? வரைபடத்தில் தேடிக் கண்டுபிடியுங்கள்.
4. உங்கள் பள்ளியில் ஒரு வாரத்தில் சேரும் சருகை எடையிடுங்கள். அது இப்போது எங்கே போகிறது? வேறு எங்கே போகலாம்?

சொல் விளக்கம்

பிரிபடலம் – இலைக்காம்பு கிளையிலிருந்து பிரியும் இடத்தில் உள்ள உயிரணு அடுக்கு.
மூடாக்கு – ஈரம் காயாமலும் களை முளைக்காமலும் இருக்க, மண்ணின்மேல் பரப்பும் சருகு, வைக்கோல் போன்றவை.
இலைமக்கு – இலைகள் மட்டும் மக்கிக் கிடைக்கும் கறுப்பு நிறப் பொருள்.
நீர்ப்பிடிப்புப் பகுதி – பெய்யும் மழை ஒரே ஆற்றுக்கோ ஏரிக்கோ நீர்த்தேக்கத்திற்கோ வந்து சேரும் நிலப்பரப்பு.